நீர்க்காகமும் மீன் குத்தகையும்: ஆரணிப் பக்கத்து ஏரியில் இரண்டு நாள்

‘எங்கள் ஊர் ஏரியில் மீன் குத்தகை எடுத்திருக்கிறோம். விட்ட குஞ்சு முழுக்க நீர்க்காகமும் கொக்கும் தின்றுவிட்டன. என்ன மருந்து வைக்கலாம்?’

ஆரணிப் பக்கத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருந்த கேள்வி இது. கேள்வி-பதில் பகுதியில் இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம். பறவைக்கு மருந்து வைப்பது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வைக்காதீர்கள் என்று எழுதினால் என் வேலை முடிந்தது. அவர் வேலை முடியாது. கடன் வாங்கிக் குத்தகை கட்டியவருக்குச் சட்டம் சொல்லி என்ன பயன்? அதனால் பொங்கல் கழிந்த வாரம் வேலூரில் பஸ் ஏறி, கண்ணமங்கலம் வழியாக ஆரணிக்குப் போனேன். நான் வேளாண்மைத் துறைக்காரன். மீன்வளம் என் பாடமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் ஏரி என்று வந்துவிட்டால் நெல்லும் மீனும் பறவையும் ஒரே தண்ணீரில்தான் இருக்கின்றன.

ஆரணிக்குள் காலை ஆறு மணிக்கு இறங்கினால் இரண்டு விஷயம் முதலில் தெரியும். ஒன்று, அரிசி ஆலைகளிலிருந்து வரும் புழுங்கல் வாசனை. இன்னொன்று, நெசவாளர் தெருக்களில் வெயில் ஏறுவதற்கு முன்பே நீளமாக இழுத்துக் கட்டிப் பதம் பார்க்கும் பட்டுப் பாவு. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நூல்தான். சைக்கிளில் வருகிறவர்கூட இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போவார். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆரணி அரிசிக்கு அதெல்லாம் இல்லாமலே சந்தையில் பெயர் உண்டு. இங்கே பல வீடுகளில் முன்கட்டில் தறி, ஊருக்கு வெளியே கொஞ்சம் கழனி. தறியில் உட்கார்ந்திருப்பவரே நடவு நேரத்தில் வரப்பில் நிற்பார்.

நமக்குக் கேள்வி அனுப்பியவரும் அப்படிப்பட்டவர்தான். வீட்டில் இரண்டு தறி, ஒரு ஏக்கர் கழனி. தறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த சேலையில் பார்டர் முழுக்க அன்னப்பட்சி. “பாருங்க சார், பாலையும் தண்ணியையும் பிரிக்கிற பறவைய நான் நெய்யறேன். மீனையும் காசையும் பிரிக்கிற பறவ ஏரியில உக்காந்திருக்கு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் பேச்சில் எரிச்சல் இருந்தது. அவரும் இன்னும் பதினோரு பேரும் சேர்ந்து ஏரியைக் குத்தகை எடுத்திருக்கிறார்கள். பட்டுக்கூலி மட்டும் போதாது என்ற கணக்கில் போட்ட பணம் அது.

ஏரியின் பெயரை எழுதப் போவதில்லை. ஆரணிக்குத் தெற்கே, கமண்டல நாக நதிப் பாசனத்தை ஒட்டிய நடுத்தர ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜவ்வாது மலையில் பெய்கிற மழை படவேடு பக்கமாக இறங்கி இந்த ஆற்றில் வருகிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாக இருந்ததால் கார்த்திகையில் ஏரி கோடி போயிருந்தது. நான் போனபோது முக்கால் ஏரிக்குத் தண்ணீர். கரையில் ஏறி நின்றதும், உள்வாயில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் வெள்ளையடித்ததுபோல் தெரிந்தன. பாதி வெள்ளை கொக்குகள், மீதி அவற்றின் எச்சம்.

இந்தக் கருவேல மரங்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1980-களில் சமூகக் காடுகள் திட்டத்தின்கீழ் தமிழ்நாடு முழுக்க ஏரிகளின் உள்வாயில் கருவேலம் நட்டார்கள். விறகுக்காகவும் ஊராட்சி வருமானத்துக்காகவும் நட்ட மரம். தண்ணீருக்கு நடுவே முள் மரம் நின்றால் அதைவிடப் பாதுகாப்பான இடம் பறவைக்கு வேறு கிடையாது. பாம்பு, நாய், மனிதன் மூன்றும் சுலபமாக வர முடியாது. நாம் விறகுக்கு வைத்தோம், அவை வீடாக எடுத்துக்கொண்டன. இப்போது குத்தகைக் குழுவின் இளைஞர்கள் சிலர், அந்த மரங்களை ஏலம் விடச் சொல்லி வெட்டிவிட்டால் பறவையும் போய்விடும் என்கிறார்கள். மரத்தில் கூடும் குஞ்சும் இருந்தன.

அன்று மாலை கரையில் உட்கார்ந்து யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தோம். ‘கொக்கு தின்னுது’ என்று பொதுவாகச் சொல்கிறோமே, அதில் பாதி தப்பு. கூட்டம் கூட்டமாக வந்த வெள்ளைப் பறவைகளில் பெரும்பகுதி உண்ணிக்கொக்கு. மஞ்சள் அலகு, குட்டைக் கழுத்து. மாட்டின் பின்னாலும் டிராக்டரின் பின்னாலும் நடந்து வெட்டுக்கிளி, பூச்சி பொறுக்குவது இதுதான். ஏரிக்கு இரவு தங்கத்தான் வருகிறது. இதன் மேல் மீன் திருட்டு வழக்குப் போட முடியாது. அலகு நடுவில் இடைவெளி விட்டு, பாக்குவெட்டி மாதிரி இருக்கும் நத்தைகுத்தி நாரையும் சில நின்றன. அதன் சாப்பாடு பெரும்பாலும் நத்தை. மடையான் என்னும் குருட்டுக்கொக்கு வரப்போரம் நின்று தவளை, நண்டு, பூச்சி, சின்ன மீன் எது கிடைத்தாலும் எடுக்கும். வக்கா இருட்டிய பிறகு வேலைக்குக் கிளம்பும். அதுவும் மீன், தவளை இரண்டும் தின்னும்.

உண்மையான மீன்காரர்கள் வேறு. நீர்க்காகம், பாம்புத்தாரா, சாம்பல் நாரை, பெரிய கொக்கு, மஞ்சள் மூக்கு நாரை, அப்புறம் கூழைக்கடா. இவற்றில் நம் ஏரிகளில் எண்ணிக்கையில் அதிகம் சின்ன நீர்க்காகம்தான். முங்கி, தண்ணீருக்குள் துரத்திப் பிடிக்கும். வாத்தைப்போல அதன் இறகில் தண்ணீர் ஒட்டாமல் வழியாது, நனைந்துவிடும். அதனால் உடம்பு லேசாக மிதக்காமல் சுலபமாக முங்குகிறது. வெளியே வந்து இறக்கையை விரித்துக் காயவைப்பதும் அதற்காகத்தான். ஜப்பானில் கிஃபு என்ற ஊரில், நாகரா ஆற்றில், நீர்க்காகத்தைப் பழக்கிக் கழுத்தில் கயிறு கட்டி மீன் பிடிப்பதை இன்றும் செய்கிறார்கள். பெரிய மீனை விழுங்க விடாமல் கயிறு தடுக்கும், சின்ன மீன் உள்ளே போய்விடும். குழுவில் ஒரு பையனிடம் இதைச் சொன்னேன். “அப்ப இதுக்கெல்லாம் கயிறு கட்டிடலாமா சார்?” என்றான். எத்தனைக்கு அப்பா கட்டுவாய்!

இப்போது கணக்குக்கு வருவோம். சின்ன நீர்க்காகம் ஒன்று அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை இருக்கும். ஒரு நாளைக்குத் தன் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மீன் தின்னும் என்று வைத்தால் 80 முதல் 100 கிராம். நூறு நீர்க்காகம் இருந்தால் நாளொன்றுக்கு 8 முதல் 10 கிலோ. மாதத்துக்கு 240 முதல் 300 கிலோ. இதைக் கேட்டதும் குத்தகைக் குழுவினர் என்னைப் பார்த்த பார்வை, ‘நாங்க சொன்னது சரிதானே’ என்பதுதான். சரிதான். பறவை எதுவும் செய்யவில்லை, எல்லாம் உங்கள் பிரமை என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. பறவை தின்கிறது. எந்த மீனை, எந்த மாதத்தில் என்பதுதான் கேள்வி.

குழு கார்த்திகையில் 20,000 குஞ்சு வாங்கி விட்டிருந்தது. கட்லா, ரோகு, மிருகால் கலந்து. அளவு என்ன என்றேன். சுண்டு விரலை மடக்கிக் காட்டினார்கள். இரண்டு அங்குலம் இருக்கலாம். அந்த அளவில் ஒரு குஞ்சு 2 கிராம் நிற்கும். அதை மட்டுமே தின்று வயிற்றை நிரப்புவதாக வைத்தால், ஒரு நீர்க்காகத்துக்கு நாளைக்கு 40, 45 குஞ்சு வேண்டும். நூறு பறவைக்கு 4,000-க்கு மேல். ஐந்து நாளில் 20,000 காலி! நடைமுறையில் அப்படி ஆகாது. தண்ணீரில் வேறு மீனும் உண்டு, குஞ்சும் பரவி ஓடும். ஆனாலும் அந்த அளவுக் குஞ்சுக்கு ஆபத்து எவ்வளவு என்பது புரியும். அதே குஞ்சு நான்கு அங்குலம் இருந்தால் 10 கிராம். ஒரு பறவையின் பசிக்கு எட்டு, ஒன்பது போதும். ஆறு அங்குலத்தைத் தாண்டி உடம்பும் அகலமானால் சின்ன நீர்க்காகத்தின் தொண்டைக்குள் போவதே கஷ்டம். அதாவது குஞ்சு விட்ட முதல் ஆறு, ஏழு வாரம்தான் இந்தப் பறவையால் பெரிய நட்டம் வரும் காலம்.

அந்த ஆறு வாரம் எப்போது வருகிறது பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிறைகிறது. குத்தகைக்காரர் குஞ்சு விடுகிறார். அதே தண்ணீரை நம்பித்தான் பறவையும் கூடு கட்டுகிறது. மார்கழி, தையில் குஞ்சு பொரித்து இரை ஊட்டுகிறது. மனிதன் மீன்குஞ்சு விடும் நேரமும் பறவைக்குத் தன் குஞ்சுக்கு இரை தேடும் நேரமும் ஒன்றாகிவிட்டது. இரண்டு பேருடைய நாள்காட்டியும் ஒரே மழையில் எழுதியது.

எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். இதைத்தான் நான் எல்லா ஊரிலும் முதலில் கேட்பேன். லாரி வர மதியம் ஆகிவிட்டதாம். மதகு பக்கம் கரையில் நின்று, பிளாஸ்டிக் பைகளைக் கத்தியால் கிழித்து அப்படியே கொட்டியிருக்கிறார்கள். மொத்தமும் ஒரே இடத்தில். கொட்டின கொஞ்ச நேரத்தில் நீர்க்காகக் கூட்டம் வந்து முங்க ஆரம்பித்திருக்கிறது. “பந்தி போட்ட மாதிரி சார்” என்றார் ஒருவர்.

வெயிலில் வந்த பைத் தண்ணீருக்கும் ஏரித் தண்ணீருக்கும் சூடு வித்தியாசம் உண்டு. பையைப் பிரிக்காமல் கால் மணி, இருபது நிமிடம் ஏரித் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு வாயைத் திறந்து ஏரித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, குஞ்சு தானாக நீந்தி வெளியே போகும்படி விட வேண்டும். அப்படிச் செய்யாமல் கொட்டினால் குஞ்சு மயங்கி மேலே மிதக்கும். மயங்கின மீனைப் பிடிக்க நீர்க்காகம் வேண்டாம், சாதாரணக் காக்காயே போதும். தவிர, பறவையின் கண்ணுக்குப் படாமல் செத்து அடியில் போனது எவ்வளவு, ஏரியில் ஏற்கெனவே இருந்த விராலும் குரவையும் கெளுத்தியும் தின்றது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. விரால் தின்பது தண்ணீருக்கு அடியில் நடக்கிறது. நீர்க்காகம் தின்பது ஊர் பார்க்க நடக்கிறது. பழி மேலே தெரிகிறவன் மேல்தான் விழும்.

மறுநாள் காலையில் லாரி டியூப்பில் பலகை கட்டின படகில் கூட்டு மரங்களுக்குக் கீழே போனோம். அங்கே போனால் தொப்பி கட்டாயம். பறவைக்குஞ்சுகள் பயந்தால் தின்றதைக் கக்கிவிடும் என்பதால் அதிக நேரம் நிற்கவும் கூடாது. ஆராய்ச்சியாளர்கள் பறவையின் உணவைக் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்று இப்படி மரத்தடியில் விழுவதைப் பார்ப்பது. நீர்க்காகம் செரிக்காத முள், எலும்பையெல்லாம் உருண்டையாகக் கக்கும், அதைப் பிரித்தும் பார்ப்பார்கள். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்துத்தான் பார்த்தார்கள். 1912-இலேயே நம் நாட்டு வேளாண்மைத் துறை, பீகாரில் பூசாவில் இருந்த மேசன் என்பவரும் பூச்சியியல் அறிஞர் மேக்ஸ்வெல் லெஃப்ராயும் சேர்ந்து செய்த வேலையை ‘இந்தியப் பறவைகளின் உணவு’ என்று தனி நூலாகவே வெளியிட்டது. எந்தப் பறவை விவசாயிக்கு நண்பன், எது எதிரி என்று பேசுவதற்கு முன்னால் அதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நம் துறைக்கு நூறு வருடத்துக்கு மேல் பழையது. அது எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

நாங்கள் மரத்தடியில் கண்டது: பெரும்பாலும் ஜிலேபிக் குஞ்சு. அடுத்து கெண்டைப்பொடி, உளுவை, கொஞ்சம் இறால், ஒன்றிரண்டு தவளை. ரோகு என்று அடையாளம் சொல்லும்படி கிடைத்தது இரண்டே இரண்டு. இதைக் காட்டியதும் கரையில் இருந்த ஆயக்கட்டு விவசாயிகள் ‘பாத்தியா, உன் மீன அது தொடல’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். நான் மறித்தேன். குஞ்சு விட்டு இரண்டு மாதம் ஆகிறது. கார்த்திகையில் வந்து மரத்தடியில் பார்த்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். இன்றைக்குப் பார்த்தது இன்றைய கணக்குக்குத்தான் சாட்சி.

ஆனால் இன்றைய கணக்கும் முக்கியமானதே. ஜிலேபி 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன். இரண்டு, மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கி, வருடத்தில் பல தடவை குஞ்சு பொரிக்கும். ஏரி முழுக்க நண்டும் சிண்டுமாக அதுவே நிறைந்து, கட்லாவும் ரோகும் தின்ன வேண்டிய தீனியையும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். உள்ளங்கை அளவுகூட வளராத ஜிலேபிக்குச் சந்தையில் விலையும் இல்லை. அந்தப் பொடியைத் தினம் கிலோ கணக்கில் களையெடுக்கிறது நீர்க்காகம். களையெடுக்கிறவனுக்குக் கூலி கொடுக்காவிட்டாலும் கல்லெடுத்து எறிய வேண்டியதில்லையே.

மரத்தடித் தண்ணீர் பச்சையாக இருந்தது. எச்சத்தில் இருக்கும் தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரில் கரைந்து நுண்பாசி வளர்கிறது. அதைத் தின்னும் நுண்ணுயிரைத் தின்றுதான் மேல்மட்டத்தில் கட்லா வளர்கிறது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கடலோரத் தீவுகளில் நீர்க்காகம் போட்ட எச்சத்தை 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக வெட்டி ஐரோப்பாவுக்கு உரமாக ஏற்றினார்கள். ரசாயன உரம் வருவதற்கு முன்னால் அதுதான் உலகச் சந்தையில் உரம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆரணியிலிருந்து வந்தவாசி வழியாக இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் வேடந்தாங்கல். அங்கே ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிருக்கு உரம் குறைவாகப் போதும் என்பது அந்த ஊர் விவசாயிகளுக்குப் பரம்பரையாகத் தெரியும். துப்பாக்கியோடு வந்து பறவை சுட்டவர்களைத் தடுக்கும்படி அவர்கள் முறையிட்டு, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதிக் கொடுத்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன.

இதைச் சொன்னபோதுதான் நம் வாசகர் சரியான ஒரு கேள்வி கேட்டார். “வேடந்தாங்கல் ஜனங்க ஏரித் தண்ணியில நெல்லு வெக்கிறாங்க சார். மீன் குத்தகையா எடுத்தாங்க?”

எனக்குப் பதில் சொல்லச் சிறிது நேரம் ஆனது. அவர் கேட்டதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரி சரணாலயம், அங்கே மீன்பிடிக் குத்தகை கிடையாது. அங்கே தங்கும் பறவைகளும் பெரும்பாலும் இரைக்குச் சுற்றுவட்டார ஏரிகளுக்கும் கழனிகளுக்கும்தான் போகின்றன. எச்சம் ஓர் ஏரியில், சாப்பாடு பத்து ஏரியில். நம் ஆரணி ஏரியிலும் அதே சங்கதி, ஒரே ஊருக்குள். உரத் தண்ணீரின் லாபம் ஆயக்கட்டில் நெல் வைத்தவருக்கு. குஞ்சு போன நட்டம் குத்தகை எடுத்த பன்னிரண்டு பேருக்கு. லாபம் பெறுகிறவர் ‘பறவை நல்லது’ என்கிறார், நட்டப்பட்டவர் ‘மருந்து வை’ என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

மருந்து பற்றி ஒரு வார்த்தை. நான் வேலை பார்த்த வேறோர் ஊரில், பொடிமீனுக்குள் குருணை மருந்து வைத்துக் குளத்தோரம் போட்டார்கள். கொக்கு செத்தது. கூடவே இரண்டு நாயும் ஒரு கீரிப்பிள்ளையும் செத்தன. செத்த கொக்கை ஒருவர் எடுத்துப்போய்ச் சமைக்க இருந்தார், பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துத் தடுத்ததால் ஒரு குடும்பம் பிழைத்தது. அதற்குப் பிறகு அந்தக் குளத்து மீனையும் அந்த வருடம் யாரும் வாங்கவில்லை. நட்டம் யாருக்கு என்று நீங்களே பாருங்கள்.

அன்று மாலை ஏரிக்கரை வேப்பமரத்தடியில் குத்தகைக் குழுவும் ஆயக்கட்டுக்காரர்களும் நீர்க்கட்டியும் உட்கார்ந்தார்கள். சத்தம் இருந்தது. ‘உங்க கழனிக்கு எங்க மீன் எரு’ என்று ஓர் இளைஞர் கத்தினார். கடைசியில் பேசி வந்த ஏற்பாடு இது. மதகுக்குக் கிட்டே ஒரு ஆயக்கட்டு விவசாயிக்குக் கரம்பாகக் கிடக்கும் 25 சென்ட் பள்ளம் இருக்கிறது. அதில் குஞ்சு வளர்க்கும் குட்டை வெட்டிக்கொள்ளலாம், பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் விட்டுத் தருவோம் என்று இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். ஏரி நிறையும் வரை காத்திருக்காமல் ஆடி, ஆவணியிலேயே பண்ணையில் நுண்மீன் குஞ்சு வாங்கி அங்கே விடுவது. அந்தப் பருவத்தில் குஞ்சின் விலையும் குறைவு.

25 சென்ட்டுக்கு 20,000 நுண்மீன் குஞ்சு தாங்கும். அதற்குமேல் நெருக்கினால் வளராது. சிறு கொக்கு கால் ஊன்றி நிற்க முடியாதபடி ஓரங்களைச் செங்குத்தாக வெட்டி, மூன்றரை, நான்கு அடி ஆழம் வைக்க வேண்டும். தீனிக்குத் தவிடும் கடலைப்புண்ணாக்கும் சமபங்கு. ஆரணியில் தவிட்டுக்குப் பஞ்சமா? நீர்க்காகம் மேலே எழும்பத் தண்ணீரின் மேல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். அதனால் குட்டையின் குறுக்கே கண்ணுக்குத் தெரியும்படியான கெட்டிக் கயிறுகளை, தண்ணீருக்கு ஒன்றரை அடி மேலே, விறைப்பாகக் கட்டினால் இறங்கத் தயங்கும். தங்கூசி நரம்பைத் தொளதொளவென்று கட்டாதீர்கள், பறவை சிக்கிச் சாகும். இங்கே பன்றிக்குப் பயந்து கடலைக் காட்டைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறார்களே, அதையே குட்டையோரமும் கட்டலாம். (பட்டுச் சேலை ஊரிலும் வேலிக்கு வருவது நைலக்ஸ்தான்.)

இரண்டரை, மூன்று மாதத்தில் நான்கு அங்குலத்துக்குமேல் வந்த விரலிகள் நூற்றுக்கு அறுபது, எழுபது தேறினால் நல்லது. 20,000-இல் 12,000 முதல் 14,000. எண்ணிக்கை குறைந்ததே என்று குழுவில் முகம் சுளித்தார்கள். சுண்டு விரல் குஞ்சு 20,000 விட்டுக் கண்ணை மூடிக்கொள்வதைவிட இது மேல். கார்த்திகையில் ஏரி நிறைந்த பிறகு, பொழுது சாய்ந்து பறவைகள் மரம் ஏறியதும், ஒரே இடத்தில் கொட்டாமல் நாலைந்து இடத்தில் விட வேண்டும். விடுகிற இடத்தில் முள் கொப்பும் தழையும் கட்டிப் போட்டால் முதல் சில நாள் குஞ்சுக்கு ஒளிய இடம்.

கூழைக்கடாவுக்கு இந்த உபாயம் பலிக்காது. அது கால் கிலோ மீனைக்கூட முழுதாக விழுங்கும். பத்து, இருபது சேர்ந்து அரைவட்டமாக மீனை ஓரத்துக்கு ஒதுக்கிப் பிடிக்கும். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றி மீன் ஒரு மடுவில் சேரும்போதுதான் கூட்டமாக வரும். அதற்கு ஒரே வழி, கடைசித் தண்ணீர் வரை காத்திருக்காமல் மாசியிலிருந்தே பெரிய கண்ணி வலை போட்டு, வளர்ந்ததைப் படிப்படியாக எடுத்து விற்பது. வெயிலில் தண்ணீர் குறைந்து, எச்சமும் பாசியும் மிஞ்சினால் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். அப்படிச் சாவதும் பறவைக் கணக்கில்தான் எழுதப்படுகிறது.

ஒரு வருடக் குத்தகையில் இதையெல்லாம் செய்ய மனசு வராது என்பதையும் சொல்லியாக வேண்டும். குட்டை வெட்டியவருக்கே அடுத்த வருடமும் ஏரி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. குறைந்தது மூன்று வருடம் குத்தகை கொடுத்தால் மருந்துப் பேச்சு பாதி குறையும் என்பது என் அபிப்பிராயம். குழு மனு எழுதியிருக்கிறது. கருவேல மரங்களை வெட்டும் பேச்சைக் கூடு கலையும் வரைக்கும், அதாவது பங்குனி கடைசி வரைக்கும், தள்ளிப்போட்டிருக்கிறார்கள். கைவிட்டதாக யாரும் சொல்லவில்லை.

கிளம்பும்போது நம் வாசகரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, வாரம் ஒரு நாள் மாலையில் வரும் நீர்க்காகத்தையும் கூழைக்கடாவையும் மட்டும் எண்ணி எழுதி வைக்கச் சொன்னேன். வலையில் எடுக்கும் மீன் எடையைப் பக்கத்திலேயே எழுத வேண்டும். அடுத்த தையில் இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம் என்றேன். அன்றைக்கே கரையில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். தறியில் இழை எண்ணிப் பழகிய கண், நான் தவறவிட்டதையெல்லாம் பிடித்தது. நூற்றிருபத்து மூன்றில் நிறுத்திவிட்டு நோட்டை மூடப் போனவர், வடக்கே கையைக் காட்டி, “இருங்க சார், இன்னும் ஒரு கூட்டம் வருது” என்றார்.